கலயத்தில் வந்த சிவப்பு

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நூலுக்குச் சாயம் போடுவார்கள். திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் வீடு. தகர டப்பாவில் வரும் சீமைப் பொடியைக் கரைத்து நூலை முக்கினால் சிவப்பு வந்துவிடும். ஜெர்மன் சண்டை வந்தது. சீமைக் கப்பல் நின்றது, பொடியும் நின்றது.

என் மாமியார் அசரவில்லை. அவர் கடற்கரைப் பக்கத்தில் பிறந்தவர். பொடி வருவதற்கு முன்னால் அங்கே சாயவேரைக் காய்ச்சித்தான் சிவப்பு எடுப்பார்களாம். அந்தப் பக்கத்து மணலில் தோண்டிய வேரையே வரவழைத்தார். நூலைப் படிகார நீரில் ஊறவைத்து, வேரோடு சேர்த்துக் காய்ச்சினார். வந்தது சிவப்பில்லை. எங்களுக்கு நூல் கொடுக்கிற வியாபாரி அண்ணாச்சி அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன வே இது? செங்கல்லக் களுவுன தண்ணி மாதிரி இருக்கு. இதக் கட்டிக்கிட்டு எவ வே மணவறையில இருப்பா?"

"அடுத்த தடவ சரியாயிரும் அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆடிக்குள்ள சரியாவட்டும். இல்லன்னா நூல வேற எடத்துல குடுத்துருவேன். பொறவு வருத்தப்படாதேரும்."

அந்த வாரமே வீட்டுக்காரர் ஒரு தகரப் பெட்டி வாங்கிவந்தார். சாய வேலை இல்லையென்றால் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விடுவது என்று முடிவு. போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பகலில் அவரோடு பேசவே கூச்சப்பட்டவள் நான்.

"எம்மா, ஒங்க ஊருல வந்த செவப்பு இங்கன ஏன் வரல?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"அதுதாம்லே எனக்கும் தெரியல. எங்க ஊருக் கெணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியாது. பானையெல்லாம் வெள்ளையாப் பூத்துப்போவும். அதுலயே செவப்பு எடுத்தோம். இது ஆத்துத் தண்ணி. பருப்பு எப்பிடிப் பூவா வேவுது! இதுல வராம எதுல வரும்?"

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆற்றுத் தண்ணீரைக் குறை சொல்ல ஒருவருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காய்ச்சுகிற பானை அடியில் விரிசல் விட்டு ஒழுகியது. அன்று காலையில்தான் அக்கரையிலிருந்து பனையேறி வீட்டம்மாள் ஒரு கலயம் பதநீர் கொடுத்துப் போயிருந்தாள். மாமியார் பதநீரைச் செம்பில் ஊற்றிவிட்டுக் கலயத்தை அடுப்பில் ஏற்றினார். ஒரே ஒரு சிட்டம் நூல் போட்டோம். வெளியே எடுத்தபோது கோவைப்பழம்போல அப்படி ஒரு சிவப்பு.

"செவ்வாக்கெளம, அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்றார் மாமியார்.

"வேரு நல்ல வேரும்மா" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் புதுப் பானை வாங்கி, அதே வேரைப் போட்டுக் காய்ச்சினோம். பழையபடி செங்கல் தண்ணீர். சரி, கலயத்துக்குத்தான் ராசி போலிருக்கிறது என்று அதையே மறுபடி ஏற்றினோம். அதிலும் வரவில்லை.

"என்னமோ அன்னைக்கு அப்பிடி அமைஞ்சுட்டு. அத நம்பி ஒல வைக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் வேட்டிகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார்.

எனக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. அதே வேர், அதே ஆறு, அதே கலயம். அன்று இருந்து இன்று இல்லாமல் போனது எது? கலயத்தைக் கழுவும்போது உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். வெறும் மண். அடுத்த முறை அந்த அம்மாள் பதநீர் கொண்டுவந்ததும், அதை மாற்றி ஊற்றிவிட்டுப் புதுக் கலயத்துக்குள் விரலை ஓட்டினேன். விரல் வெள்ளையாக வந்தது.

சுண்ணாம்பு. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே பூசுவார்கள். எங்கள் கலயத்துச் சுண்ணாம்பெல்லாம் முதல் காய்ச்சலிலேயே போயிருக்கிறது. உடனே மாமியார் ஊர்ப் பானைகள் வெள்ளையாகப் பூத்த பேச்சும் நினைவுக்கு வந்தது. அந்த வெள்ளையும் தண்ணீரிலிருந்த சுண்ணாம்புதானோ?

யாரிடமும் சொல்லவில்லை, சிரிப்பார்களோ என்று பயம். அடுப்பில் வேர் கொதிக்கும்போது, மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஓர் உருண்டைச் சுண்ணாம்பை எடுத்துப் போட்டேன். நூல் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது.

"ஏட்டி, என்னத்தப் போட்ட?"

சுண்ணாம்பு ஒட்டிய விரலை நீட்டினேன். மாமியார் விரலைப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த புதுக் கலயத்தைப் பார்த்தார். எழுந்துபோனார், திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"பையக் கொறச்சுப் போடு, பாப்போம்."

குறைத்தோம், இன்னும் குறைத்தோம். ஒவ்வொரு சிட்டமும் ஒவ்வொரு நிறம். கடைசியில் ஒரு வெற்றிலைக்குத் தடவுகிற அளவு போட்டபோது அந்தக் கோவைப்பழச் சிவப்பு வந்தது. மறுநாளும் வந்தது. வீட்டுக்காரர் அடுப்புப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, "இன்னொண்ணு போடும்மா, இன்னொண்ணு" என்று சிறுபிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி வந்தார். நூலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"சீமப்பொடிய எங்கன வே பதுக்கி வச்சிருந்தீரு?"

"ஆத்துத் தண்ணி அண்ணாச்சி, எல்லாம் நம்ம ஆத்துத் தண்ணி" என்றார் மாமியார், முகத்தை அசைக்காமல். கதவுக்குப் பின்னால் நின்ற நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

பானை விரியாமல் இருந்திருந்தால் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். அதைவிட, மறுநாளும் தானாகவே சிவப்பு வந்திருந்தால் நான் கலயத்துக்குள் கைவிட்டே பார்த்திருக்க மாட்டேன். சுண்ணாம்பு ஏன் அப்படிச் செய்கிறது என்பது எனக்கு இன்றும் தெரியாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தெரிந்தவர்களைக் கேட்கலாம்தான், கூச்சமாக இருக்கிறது.

அண்ணாச்சி போனபின் வீட்டுக்காரர் வேட்டிகளை எடுத்துக் கொடியில் போட்டார். காலிப் பெட்டியைத் தூக்கிவந்து அடுப்பங்கரையில் வைத்தார். அதில் சாயவேரைக் கொட்டி வைத்தோம். இப்போதும் பெட்டி என்னிடம் இருக்கிறது. துடைத்தால் துணியில் சிவப்பு ஒட்டுகிறது.