சாட்சிக்கு வைத்த ஈர்க்கில்

எங்கள் கண்ணாடிக் கடையில், லென்ஸ் அலுமாரிக்குப் பின்னால், ஆறு வருடமாக ஒரு தென்னை ஈர்க்கில் சாத்தியிருந்தது. இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். மெல்லிய நுனியில் சிவப்பு நூல் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. நடுவில் ஒரு கடதாசித் துண்டு, அதில் என் கையெழுத்து: “ஆரையம்பதி ஆள். வயது அறுபதுக்கு மேல். துவக்குச் சந்தேகம்.” கடை கூட்ட வருபவள் விளக்குமாற்றிலிருந்து கழன்ற குச்சி என்று நினைத்து இரண்டு முறை அதை எறியப் போனாள். இரண்டு முறையும் பாய்ந்து பறித்தேன். எதற்கு இதெல்லாம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

நான் சந்தேகக்காரி. அதை மறைத்துப் பயனில்லை. மீன் வாங்கும்போது எல்லோரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். நான் செவுளைப் பார்த்துவிட்டு மீன்காரனின் முகத்தையும் பார்ப்பேன். நான் வாசலுக்கு வந்தால் மீன்காரன் சைக்கிளைத் திருப்பிவிடுகிறான் என்று என் மாப்பிள்ளை, அதாவது என் புருஷன், பகிடி பண்ணுவார். பண்ணட்டும். காத்தான்குடியில் பிறந்து, எல்லோரும் எல்லோரையும் ஐயப்பட்ட வருடங்களில் வளர்ந்தவள் நான். எங்களுடையது முஸ்லிம் ஊர், பக்கத்து ஆரையம்பதி தமிழ் ஊர். ஒரே வீதியில்தான் இரண்டு ஊரும் இருக்கின்றன. அவர்கள் எங்களிடம் சாறன் வாங்குவார்கள், நாங்கள் அவர்களிடம் மீன் வாங்குவோம், சுகம் விசாரிப்போம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கண் மூடாமலே இருக்கும். அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஈர்க்கிலைக் கொண்டுவந்த அந்த ஆரையம்பதி ஆள் முதல் முறை வந்தது லுஹர், நண்பகல் தொழுகை நேரத்தில். மாப்பிள்ளை பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கண் பரிசோதிப்பது எப்போதும் நான்தான். முன்னால் இருந்து பிரேம் விற்பது அவர். அந்த மனிதர் சைக்கிளை எங்கள் கடை வாசலில் விடாமல் மூன்று கடை தள்ளி விட்டுவிட்டு நடந்து வந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். முதல் சந்தேகம் அங்கேயே விழுந்துவிட்டது. பேர் கேட்டேன். “பேர் என்னத்துக்கு, தங்கச்சி. ஆரையம்பதி எண்டு போடுங்க” என்றார். தொலைபேசி இலக்கமும் இல்லை. நீர்ப்பாசனத்தில் ஓவசியராக, வேலை மேற்பார்ப்பவராக இருந்து பென்சனில் இளைப்பாறியவர் என்பது பிறகு தெரிந்தது. இனி அவரை ஓவசியர் என்றே சொல்கிறேன்.

வலக்கண்ணில் வெண்படலம் தொடங்கியிருந்தது. தூரப் பார்வை அதனால் குறைந்திருந்தது. நான் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, சுவரில் உள்ள எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்க வைத்துவிட்டேன். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் முகம் மலரும். இவர் மலரவில்லை. “தூரம் வேணாம், தங்கச்சி. கிட்டவும் வேணாம்” என்று சொல்லிவிட்டு, சட்டைக்குள் கையை விட்டு அந்த ஈர்க்கிலை உருவினார். தடித்த பக்கத்தை வலக்கன்னத்தில் வைத்தார். இடக்கையால் நடுவில் தாங்கினார். தலையைச் சற்றுச் சாய்த்தார். “இந்தச் செவப்பு நூல் தெளிவாத் தெரியோணும். அது போதும்.”

“அப்பிடிச் செஞ்சா செவத்தில இரிக்கிற எழுத்து மங்குமே, ஐயா.”

“மங்கட்டும்.”

பல தொழில்காரருக்குக் கண்ணாடி செய்து கொடுத்தவள் நான். தையல்காரருக்கு ஒரு தூரம், வலை பொத்துபவருக்கு ஒரு தூரம், குர்ஆன் ஓதுபவருக்கு ஒரு தூரம். கன்னத்திலிருந்து இரண்டு முழத்தில் பார்க்கிற தொழில் எது? இடக்கண் பக்கத்தை அடைத்துவிட வேண்டும், ஆனால் இருட்டாகக் கூடாது, வெளிச்சம் வரவேண்டும், உருவம் மட்டும் தெரியக்கூடாது என்றார். வலப்பக்க லென்ஸின் நடு, மூக்கோரமாக மேல் மூலையில் வரவேண்டும், தலை சாய்த்தால் அந்த வழியாகத்தான் பார்வை போகும் என்றார். இவ்வளவும் சொன்ன மனிதர், என்னத்துக்கு என்று கேட்டதற்கு, “ஒரு வேலைக்கு” என்றார். துவக்கு, துப்பாக்கிதான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அந்த ‘மங்கட்டும்’ தான் என்னைப் போட்டு வாட்டியது. துவக்கு நுனி தெளிவாகத் தெரிய வேண்டும், எதிரே நிற்பது மங்கினால் பரவாயில்லை என்றால், இவன் யாருடைய முகத்தைப் பார்க்க விரும்பவில்லை? மாப்பிள்ளையிடம் சொன்னேன். “கண்ணாடி கேட்டாக் குடு. நீ என்ன சி.ஐ.டி.யா?” என்றார் அவர். அவருக்கென்ன. தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, எங்கள் ஊரின் மேல் நாடு முழுக்கக் கண் வைத்திருந்த காலம் அது. நாளைக்கு ஏதாவது நடந்து, கண்ணாடி எங்கே செய்தது என்று தேடி வந்தால், பெட்டியில் இருப்பது எங்கள் கடைப் பேர். பொலிசில் போய்ச் சொல்லவும் பயம். சொன்னவளைத்தான் முதலில் இருத்தி வைத்து விசாரிப்பார்கள்.

ஆகவே ஒரு காரியம் செய்தேன். சரியான நம்பரைக் கடையின் பதிவுக் கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பியில் நான் பொய் எழுதுவதில்லை. லென்ஸ் வெட்ட அனுப்பும் கடதாசியில் மட்டும், தூரத்துக்கான முழு நம்பரை எழுதினேன். இரண்டுக்கும் வித்தியாசம் முக்கால் நம்பர். துவக்கு நுனி மங்கும், எதிரே நிற்பவரின் முகம் தெளியும். முகம் தெரிந்தால் மனிதனுக்குக் கை நடுங்காதா என்று நினைத்தேன். ஓர் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமை கூட எனக்கு வந்தது. அளவுக்கென்று அவர் விட்டுப்போன ஈர்க்கிலைச் சாட்சிக்கென்று கடதாசி கட்டி ஒளித்து வைத்தேன்.

கண்ணாடியை எடுக்க வந்தபோது ஓவசியர் ஈர்க்கிலைக் கேட்டார். கடை கூட்டியவள் எறிந்துவிட்டாள் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்த பேனையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பேனையில் என்ன தெரியும். சரி என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டு, மூன்று கடை தள்ளி விட்ட சைக்கிளை நோக்கி நடந்தார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பேப்பரில் முதலில் பார்த்தது துப்பாக்கிச் செய்திகளைத்தான். ஒன்றும் வரவில்லை. வராததையும் நான் சந்தேகப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஓவசியர் வந்தார். இந்த முறை சைக்கிளைக் கடை வாசலிலேயே விட்டார். கதிரையில் வந்து இருந்தார். பிறகு, “என்ட கண் முடிஞ்சுதா எண்டு ஒருக்காப் பாருங்க, தங்கச்சி” என்றார். “உங்கட கண்ணாடியில பிழை இல்ல. எழுத்தெல்லாம் வடிவாத் தெரியிது. எனக்குத்தான் ஏலாமப் போயித்து.” இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஆனதாலோ என்னவோ, அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

பள்ளிக்கூடக் காலத்தில் கெடற் எனும் மாணவர் படையில் இருந்தவர். மலைநாட்டில் ஒரு முகாமில், எல்லா மாவட்டத்துப் பெடியன்களும் கூடி அட்டையில் குறிபார்த்துச் சுட்டபோது, முதலாவதாக வந்தவர் இவர். இரண்டாவதாக வந்த சிங்களப் பெடியன் இவருடைய கூட்டாளி ஆகிவிட்டான். பிறகு சண்டை வந்தது. “எனக்குக் குறி தப்பாது எண்டு ஒரு சனத்துக்கும் சொல்லேலாது, தங்கச்சி. இவங்களுக்குத் தெரிஞ்சா இயக்கத்துக்குக் கூட்டிப் போவாங்க. ஆமிக்குத் தெரிஞ்சா வேனில ஏத்துவாங்க.” முதலாவதாக வந்ததற்குக் கிடைத்த பரிசுக் கிண்ணத்தை வாவியில் எறிந்தார். படங்களை எரித்தார். பெஞ்சாதிக்குக் கூடச் சொல்லவில்லை. இப்படியே நாற்பது வருடம் போனது. பிறகு அந்தக் கூட்டாளி எப்படியோ தேடிப்பிடித்துக் கடிதம் போட்டிருக்கிறார். பழைய கெடற் ஆட்கள் கூடுகிறோம், காற்றுத் துவக்கால் ஒரு போட்டியும் வைக்கிறோம், வந்துவிடு.

முதலில் ஒரு நாள் போய்ப் பழகிப் பார்த்தாராம். இரண்டு வகைத் துவக்கு வைத்திருந்தார்கள். ஒன்றில் கண்ணுக்குப் பக்கத்தில் வெட்டுக் குறி; வயதுபோன கண்ணுக்கு அது பஞ்சு மாதிரித் தெரியும். மற்றதில் சின்னத் துளை. துளை வழியாகப் பார்த்தால் பழுதான கண்ணுக்கும் கொஞ்சம் தெளிவு வரும், குழலும் நீளம், நுனி கண்ணுக்கு எட்டத் தள்ளி நிற்கும். அதைத்தான் எடுத்தார். கன்னத்திலிருந்து நுனி வரை ஈர்க்கிலை வைத்து முறித்தார். அட்டை எப்போதும் மங்கலாகத்தான் தெரிய வேண்டும், நுனி தெளிந்தால் குறி தன்னால் வந்து உட்காரும் என்றார். யாருடைய முகமும் இல்லை. வெறும் கறுப்பு வட்டம்.

“போட்டியில எல்லாருக்கும் கடைசியா வந்தன். நுனி அப்பிடியே கரைஞ்சு போயித்து. கூட்டாளி தோளில தட்டிப்போட்டு, அங்கால திரும்பித்தான். அவன் பாவம் பாத்ததுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு” என்றார் ஓவசியர். எழுந்து வாசற்படியில் கால் வைத்தார்.

“ஐயா, கொஞ்சம் இரிங்க” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஈர்க்கிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாசிப்புக் கண்ணாடியை மாட்டி, கடதாசியை எழுத்து எழுத்தாக வாசித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முக்கால் நம்பரையும் சொன்னேன், முகத்தைப் பற்றி நினைத்ததையும் சொன்னேன்.

“நம்பர் சரியா எடுத்தனீங்களா?”

“ஓம், ஐயா. அண்டைக்கே சரியாத்தான் எடுத்தன். கொப்பியில கிடக்கு.”

“காட்டுங்க.”

காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தார். “அப்ப என்ட கண்ணில பிழையில்ல” என்றார். கொப்பியை மூடிவிட்டு இன்னொரு முறையும் அதையே சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏசவில்லை. வெட்கத்தில் நான்தான் வாயைக் கொடுத்தேன். என்னத்துக்கு என்று கேட்டபோதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“துவக்குக்கு எண்டு சொன்னாச் செஞ்சு தந்திருப்பீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்ல” என்றேன்.

பரிசோதிக்கும் பிரேமில் சரியான லென்ஸைப் போட்டு அவருக்கு மாட்டினேன். ஈர்க்கிலைக் கன்னத்தில் வைத்து, சுவரில் இருந்த கலண்டரை நோக்கிப் பிடித்தார். மூச்சைப் பாதியில் நிறுத்தினார். அவர் கை அசையவே இல்லை. அறுபத்து நான்கு வயதுக் கை. “இப்பிடித்தான் இரிந்திச்சு” என்றார். புதுக் கண்ணாடி செய்து கொடுத்தேன். ஈர்க்கிலைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. “வெச்சிருங்க. ஆரும் விசாரிச்சு வந்தாக் காட்டோணுமே” என்று சொல்லி, முதல் முறையாக என் முன்னால் சிரித்தார். அடுத்த கூட்டம் வைத்தால் கூட்டாளி எழுதுவான் என்றார். கடிதம் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். எங்கள் கடைப் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். ஒரு பக்கம் பால் நிறத்தில் அடைத்த அந்தக் கண்ணாடி. ஓவசியரின் மகள் என்றாள். அப்பா செத்து முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது என்றாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வது, நான் யார் அவருக்கு?

“இதென்ன கண்ணாடி, அக்கா? வீட்டில ஒரு நாளும் போட்டதில்ல. உடுப்புக்கடியில ஒளிச்சு வெச்சிரிக்கார்” என்றாள். குரல் தாழ்ந்தது. “ரெண்டு தரம் பென்சன் அலுவல் எண்டு மலைநாட்டுப் பக்கம் போனவர். பென்சன் கந்தோர் இஞ்சதானே கிடக்கு. எங்களுக்குத் தெரியாம அப்பாக்கு வேற ஏதும் இரிந்திச்சா?”

அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. கண்ணாடிக் கதவு வழியாக அவள் தகப்பனை நான் பார்த்த அதே பார்வை. அப்பாவுக்குத் துவக்குச் சுடத் தெரியுமா என்று கேட்டேன். அவள் என்னை விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தீபாவளிக்குப் பட்டாசு கூட வாங்க விடமாட்டாராம்.

விசாரித்து வந்தவள் இவள்தான் என்று எனக்குப் பட்டது. அவளைக் கதிரையில் இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். என் கள்ளத்தையும் விடவில்லை. பிறகு அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஈர்க்கிலை எடுத்துக் கொடுத்தேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்திருந்தாள். பிறகு தடித்த பக்கத்தைக் கன்னத்தில் வைத்தாள், இடக்கையால் நடுவில் தாங்கினாள், தலையைச் சற்றுச் சாய்த்தாள். அப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

ஈர்க்கிலை அவளே கொண்டுபோய்விட்டாள். கடதாசித் துண்டை மட்டும் அவிழ்த்து நான் வைத்துக்கொண்டேன். அது அவரைப் பற்றிய கடதாசி அல்ல.