மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யட்டவத்தை என்ற ஊரில் மிளகாய் மில் வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு நாள் காலையில் மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்ட் போய்விட்டது. மாலைவரை வராது என்றார்கள். அன்றைக்குப் பார்த்து ஒரு முஸ்லிம் உம்மா, மறுநாள் மகளின் கல்யாணச் சாப்பாட்டுக்காக, வறுத்த மிளகாயும் மல்லியும் சாக்கில் கொண்டுவந்திருந்தார். இரண்டு மணிக்குச் சமையல்காரர் வந்துவிடுவார். அதற்குள் தூள் வேண்டும்.

ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துவந்தேன். என் மோட்டாரைப் போல இரண்டு மடங்கு இழுக்கும் என்றார் கொடுத்தவர். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது. அவசரத்தில் மேல்தொட்டி நிறைய மிளகாயைக் கொட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன். மெஷின் உறுமியது. ஜெனரேட்டர் இருமி நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது.

"மாப்புள நேரத்துக்கு வந்துருவாரு அண்ணே, மொளகாத்தூள்தான் வராது போல," என்றார் உம்மா. வேடிக்கை பார்த்து நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண் மட்டும் சுவர் மணிக்கூட்டிலேயே இருந்தது.

என் மனைவி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "வாய் நெறைய திணிச்சா அது எப்புடிங்க எந்திரிக்கும்? முதல்ல அள்ளுங்க."

அப்போதுதான் புரிந்தது. நின்றுபோன ஆட்டோவைத் தள்ளும்போது முதலில் நாலு பேர் வேண்டும், உருண்ட பிறகு ஒரு கை போதும். மோட்டாரும் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் கேட்கும். பெரிய லைன் அதைக் கொடுத்துவிடும். பக்கத்துத் தையல்கடை பல்ப்தான் ஒருமுறை மங்கும். ஜெனரேட்டரிடம் அவ்வளவு மிச்சம் இல்லை. ஒரு நொடி மூச்சைப் பிடிக்கும், அதற்குமேல் முடியாது. மிளகாய்ப் பாரத்தோடு கிளம்பியதால் அந்த நொடி நீண்டுபோய்விட்டது.

மிளகாயை வெளியே அள்ளினேன். பல்பையும் ஃபேனையும் அணைத்தேன். பெல்ட் ஓடும் பெரிய சில்லைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு விலகினேன். அவள் சுவிட்சைப் போட்டாள். ஜெனரேட்டர் ஒருமுறை தணிந்து, பிறகு சீராக ஓடியது. அதன்பின் மிளகாயையும் மல்லியையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். ஒன்றரை மணிக்கெல்லாம் தூள் ஆறிவிட்டது.

"நாளைக்கு வராம இருந்தா நான் பேச மாட்டேன் அண்ணே," என்று சொல்லிவிட்டு உம்மா போனார்.

கூச்சத்தால் கல்யாண வீடுகளில் வாசலோடு திரும்புகிறவன் நான். மறுநாள் உள்ளே போனேன். முன்பின் தெரியாத ஐந்து பேரோடு சகன் என்கிற ஒரே பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டேன். கறி நல்ல காரம்.

எழுதி முடித்தது: மாசி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.