பைக்குள் கிடந்த பெரியண்ணன் காகிதம்

வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் நர்ஸ் வேலையில் கால் வலி ஒன்றும் பெரிதில்லை, வாய்தான் நம்மை மாட்டிவிடும். இதே மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு மலையில் அலைகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

யார் வயிறு?

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த வட்டாரத்தை நாடு என்போம். வளப்பூர் நாட்டுப் பெரியண்ணன் ஐயாவுக்கு மறதி நோய் தொடங்கியிருந்த சமயம். முதல் நாள் போனதும், எதிரே உட்கார்ந்திருக்கிற மனுசரை விட்டுவிட்டு மருமகள் செல்லாயியிடம், "ஐயா சாப்பிட்டாருங்களா? வயிறு சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். இறந்துபோன இளைய மகனின் மனைவி அவள். ஐயாவோடு இருப்பது அவள் ஒருத்திதான். மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த ஐயா நிமிர்ந்தார்.

"ஏனுங்க அம்மிணி, என் வயித்தப் பத்தி அவளுக்கு எப்படிங்க தெரியும்?"

எழுதி வாங்கியது

புத்தி தெளிவாக இருக்கும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருந்தார் எங்கள் டாக்டர். கேட்டேன். ஐயா யோசிக்கவே இல்லை. தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் செல்லாயியைத்தான் கேட்க வேண்டும், மலையை விட்டுத் தன்னைக் கீழே கொண்டுபோகக் கூடாது என்றார். சேலத்தில் இருக்கும் மூத்த மகன் ராஜுவைக் கேட்க வேண்டாமா என்றேன். "அவன் நல்ல பையந்தானுங்க. எல்லாத்துக்கும் அவசரப்படுவான்" என்றார். எழுதிப் படித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரி ஃபைலில் சேர்த்துவிடுகிறேன் என்று வாங்கிப் பையில் வைத்தேன். ஐயா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கே ஒண்ணும் தெரியாமப் போற அன்னிக்கு, நீதான் கண்ணு எடுத்துச் சொல்லோணும்."

ஒரு டிக்

ஒரு மழை நாளில் ஐயா வழி தவறி, மலையிலேயே வேறொரு பகுதியான எடப்புளி நாடு வரைக்கும் நடந்துபோய்விட்டார். மறுநாளே ராஜு அடிவாரத்து முதியோர் இல்லத்தின் ஃபாரத்தோடு வந்துவிட்டார். 'குடும்பத்தார் சம்மதம் கேட்கப்பட்டது' என்று அதில் ஒரு கட்டம். பக்கத்தில் ஐயாவைப் பார்க்கிற நர்ஸாக நான் கையெழுத்துப் போட வேண்டும். செல்லாயி கையில் மரவள்ளிக்கிழங்கோடு வாசலிலேயே நின்றாள்.

ஐயாவின் காகிதம் இன்னும் என் பையில்தான், பிரஷர் மிஷினுக்கு அடியில் கிடந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. மூத்த மகன் முன்னால் எடுத்து நீட்டக் கூச்சம், அவ்வளவுதான். வெட்கக்கேடு. டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். ஐயாவை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ் வளைவில் திரும்பிய பிறகுதான் செல்லாயி வாயைத் திறந்தாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேப்பீங்கன்னுதானுங்க நின்னேன்."

கீழே

இரண்டு வாரம் கழித்து இல்லத்துக்குப் போனேன். முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். ஐயா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, எந்த ஊர் என்று கேட்டார். பேரைச் சொன்னேன், பிடிபடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் யாரென்றே தெரியாமல் அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

"அழுவாதீங்க. எங்கூர்ல ஒரு நர்சம்மா இருக்குதுங்க. அதுகிட்ட எழுதிக் குடுத்திருக்கறேன். அது வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருமுங்க."

அன்றைக்கே காகிதத்தோடும் செல்லாயியோடும் டாக்டர் முன்னால் போய் நின்றேன். ராஜுவுக்கு ஃபோன் போட்டு நான் மறைத்ததையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.

யாருக்கு எவ்வளவு மறதி என்று நோட்டில் எழுதிக்கொண்டு திரிகிற வேலை எனக்கு, ஆனால் அந்தக் காகிதத்தை மறக்காமல் நம்பிக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருப்பவர் ஐயாதான்.