போலியோ அக்காவும் சிவப்புக் கம்பளியும்

முலுண்டில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு சிவப்புக் கம்பளி இருக்கிறது. மும்பையில் கம்பளிக்கு என்ன வேலை என்று என் கணவர் வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்பார். தாராவியில் நாங்கள் இருந்தபோது அதற்கு நிறைய வேலை. மழைக்காலத்தில் மலேரியா வரும், குளிரில் பல் கிட்டும். கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்தால் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கும். "வேர்த்துட்டுன்னா பொழச்ச" என்பது அம்மாவின் வைத்தியம். அந்த வைத்தியம் அம்மாவையே கொண்டுபோகப் பார்த்தது. அதைச் செய்தவள் நான்.

எங்கள் சந்துக்கு வரும் சுகாதார சேவகியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதன்முதலில் சொட்டு மருந்துப் பெட்டியோடு வந்ததால் போலியோ அக்கா. பிறகு மலேரியாவுக்கு ரத்தம் எடுக்க வந்தபோதும் அதே பெயர்தான். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். வீட்டுக்கு வீடு தண்ணீர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்துக் கொசுப்புழு தேடுவார். "மூடிய எங்கட்டி?" என்பார். கடைசி இரண்டு மூன்று வருடங்களாக வெயிலைப் பற்றியும் ஆரம்பித்திருந்தார். "இப்பல்லாம் மாசியிலேயே சித்திரை வந்துருது. ராத்திரியும் பத்ரா ஆறமாட்டேங்கு. மத்தியானம் அதுக்கு அடியில இருக்காதீய." பத்ரா என்பது எங்கள் தகரக் கூரை. அதன் கீழே, மாடியறையில்தான் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் காலம் வேறு. "வேற சோலி இல்ல இவளுக்கு" என்று அம்மா சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஓர் ஏப்ரல் மதியம் அம்மா ஏணியில் இறங்கி வந்து அப்படியே தரையில் சாய்ந்தாள். உடம்பு தோசைக்கல்லாய்க் கொதித்தது. என்னைப் பார்த்துச் சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காய்ச்சல்தான் என்று நானே முடிவு செய்து, ஃபேனை நிறுத்தி, கம்பளியைக் கழுத்துவரை போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தேன். வேர்க்கவே இல்லை.

டிரம் பார்க்க வந்த அக்கா உள்ளே வந்து அம்மாவின் கழுத்தைத் தொட்டார். மறுகணம் கம்பளியை உருவி எறிந்தார். "இது காய்ச்சல் இல்லட்டி, வெயிலு. மைனி வேர்க்கத் தெம்பில்லாம கெடக்காவ. தண்ணி எங்க?" காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வரும் தண்ணீர் எங்கள் டிரம்மில் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அக்கா தன் வீட்டுச் சாவியை என் கையில் திணித்தார். நான்கு சந்து தள்ளி அவர் வீட்டில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர், மூடி இறுக்கமாய் மூடியிருந்தது. குடம் குடமாய்ச் சுமந்து வந்தேன். அக்கா ஊற்றினார், விசிறினார், மறுபடியும் ஊற்றினார். நான் தம்ளரை அம்மாவின் வாயருகே கொண்டுபோனபோது கையைத் தட்டிவிட்டார். "நெனவு தெளியாதவ வாயில ஊத்தாத, பொரையேறிரும்." ஈரச் சேலையோடு அம்மாவை டாக்ஸியில் ஏற்றினோம். இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கம்பளிக்குள் இருந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று அக்கா வீட்டில் உலை வைக்கக்கூடத் தண்ணீர் இல்லை என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. குழாய் திறந்ததும் சந்தில் ஆளுக்கொரு குடமாய்க் கொண்டுபோய் அவர் டிரம்மை நிரப்பினோம். மூடியை நான் மூடினேன்.

போன ஏப்ரலில் அக்காவை போனில் கூப்பிட்டேன். மூச்சு வாங்கப் பேசினார். மத்தியானம் இரண்டு மணிக்கு ஏதோ சந்தில் நடந்துகொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நீங்களே வெயிலில் அலையலாமா என்று கோபித்துக்கொண்டேன். "பத்ராவுக்கு அடியில ஆளு கெடக்குல்லா? கழுத்தத் தொட்டுப் பாக்க ஒருத்தி வேண்டாமா?" என்றார்.

போனை வைத்தபோது அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏட்டி, ஏசி குளிருது. அந்தக் கம்பளிய எடு." எடுத்து வந்து, முதலில் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. பிறகுதான் போர்த்திவிட்டேன்.