கால் படாத இடம்

காலையில் கட்டிலிலிருந்து கால் இறக்கும் முன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. நாள் முழுக்கப் பூமாதேவியை மிதிக்கப் போகிறோம், பொறுத்துக்கொள் தாயே என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்பாள் என் அம்மா. என் பிள்ளை போன பிறகு அதை நிறுத்திவிட்டேன். நான் எதற்குப் பூமாதேவியிடம் கேட்க வேண்டும், அவளல்லவா என்னிடம் கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆத்திரம். அப்புறம் எப்போதோ பழக்கதோஷத்தில் மறுபடி தொற்றிக்கொண்டது.

தலைப்பிரசவத்துக்குப் பாண்டியிலிருந்து கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பேர் வைக்கும் முன்பே பிள்ளை போய்விட்டான். பல் முளைக்காத பிள்ளையை எங்கள் பக்கம் எரிப்பதில்லை. தீயில் போட்டுப் பொசுக்க அதனிடம் ஒரு பாவமும் இல்லை, அப்படியே மண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பார்கள். என் கணவர் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரியப்பாவோடு கடலோரத்துச் சுடுகாட்டுக்குப் போனார். பெண்கள் அங்கே போகக்கூடாது. நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

"அழாதடி. ஒரு ஆத்தா மடியிலேருந்து இன்னொரு ஆத்தா மடிக்குப் போயிருக்கு" என்றாள் பெரியம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ஆத்தாவுக்குப் பால் ஊறுதா?" என்று கேட்டேன்.

எனக்கு ஊறியது. மார் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. பீய்ச்சிய பாலைக் கால் படாத இடத்தில் ஊற்றச் சொன்னார்கள். கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். மண் சத்தமில்லாமல் குடித்துவிட்டது. அந்த ஈரம் காயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கும் மண்ணில் தண்ணீர் சுவறுவதைக் கண்டால் எனக்கு மார் கனக்கிறது.

அதற்குப் பிறகு வேறு பிள்ளை தங்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கணவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். சுடுகாட்டை ஒட்டிப் போகும் மணல் பாதையில் சித்திரை வெயிலிலும் வெறுங்காலோடுதான் வருவார். "மாமாவுக்கு செருப்பு தேஞ்சிடுமேன்னு பயம்" என்று என் தம்பி கிண்டல் பண்ணுவான். நானும் சேர்ந்து சிரிப்பேன். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டாலும் மனுஷனிடமிருந்து பதில் வராது.

போன மழைக்காலத்தில் தம்பி போன் பண்ணினான். "அக்கா, சுடுகாட்டுப் பக்கம் கரைய கடல் அரிச்சிக்கினு வருது. பாதி போயிடுச்சி. மாமாவ கூட்டிக்கினு வா. எந்த எடம்னு காட்னா, புள்ளைய எடுத்து மேட்டுப் பக்கம் வெச்சிடலாம்."

மறுநாளே போனோம். இந்த முறை நானும் உள்ளே நுழைந்தேன். யாரும் தடுக்கவில்லை, தடுத்திருந்தாலும் நான் கேட்டிருக்கப் போவதில்லை. கரை செங்குத்தாக இடிந்து நின்றது. அலை வந்து வந்து அடிமண்ணை உருவிக்கொண்டு போனது. தம்பி மண்வெட்டியோடு காத்திருந்தான்.

"எந்தப் பக்கம் மாமா?"

அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"எங்கங்க வெச்சீங்க?" என்றேன்.

"தெரியல."

"பெத்த புள்ளைய வெச்ச எடம் தெரியலன்னா என்னங்க அர்த்தம்?"

"வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும்னு உன் பெரியப்பா சொன்னாரு. பாத்தா புள்ள பின்னாலயே வந்துடும், மண்ணுல தங்காதுன்னாரு. நான் பாக்கல. பச்சப் புள்ளைக்கு மேடு கட்டக் கூடாது, கல்லு வெக்கக் கூடாதுன்னாரு. வெக்கல." அவர் காலடி மண்ணைப் பார்த்தார். "இங்கதான் எங்கியோ கெடக்கறான். எங்கன்னு தெரியாதப்ப, செருப்புக் காலோட எப்டி மிதிக்கறது?"

பெரியப்பாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. இனி கேட்க ஆளில்லை. நான் குனிந்து பார்த்தேன். அவர் வெறுங்காலோடு நின்றார். என் காலில் செருப்பு இருந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தம்பி மண்வெட்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தான்.

எங்கள் கண்ணெதிரே இன்னொரு துண்டு கரை சரிந்து தண்ணீரில் கலங்கியது. அதில் அவன் இருந்தானா இல்லையா, தெரியாது. அந்தத் தண்ணீர் தெளியும்வரை நின்றோம்.

கிளம்பும்போது அவர் பழையபடி தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் பார்த்தேன். பின்னாலேயே வருவான் என்றால் வரட்டும்.

இப்போதும் காலையில் தரையைத் தொட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ஆனால் பூமாதேவி என்று வாயில் வருவதில்லை. "கொஞ்சம் தள்ளிப் படுடா கண்ணு, அம்மா கால் வெக்கணும்" என்கிறேன். பக்கத்தில் அவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, நான் கால் வைக்கும்வரை காத்திருக்கிறார்.