அடித்தல் திருத்தல் இல்லாமல்

எண்பதுகளின் நடுவில் தல்லாகுளம் பக்கம் ஒரு கல்லூரி ஆபீசில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். தற்காலிகம் என்று பேர்தானே ஒழிய, நாலு வருஷமாக அதே நாற்காலி. அந்த வருஷம் கல்லூரிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். டெலிவிஷன் பெட்டியோடு ஒயர் போட்டு இணைத்த சின்னச் சாதனம். அதற்கு ஒரு தனி அறை, செருப்பை வெளியே விடவும் என்று வாசலில் ஒரு போர்டு வேறு. நான் கணக்கில் பட்டம் வாங்கியவள் என்பதால் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். வருஷக் கடைசிப் பரீட்சையின் மார்க் பட்டியலை அதில் போட்டுக் கொடுத்தால், ஜூனில் என்னை நிரந்தரமாக்க நிர்வாகத்திடம் பேசுவதாகச் சொன்னார். அவர் பேசினால் நடக்கும். அப்பா படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும்.

கூட வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி ஒரு புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. எண் வரிசைப்படி கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டே போகும். முதல் மாணவிக்கு மொத்தம் சரியாக வந்தது. இரண்டாவது மாணவி ஐந்நூறுக்கு எழுநூறு வாங்கினாள். பத்தாவது பெண் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டாள். ஒருத்தியின் மொத்தத்தோடு அடுத்தவளின் மார்க்கும் சேர்ந்துகொண்டே போகிறது என்பது மட்டும் புரிந்தது. ஒவ்வொரு முறையும் மொத்தத்தைப் பூஜ்யமாக்க வேண்டும். அதற்காக 190க்கும் 200க்கும் நடுவில் 195 என்று ஒரு வரியைச் செருகினேன். அப்படியும் எழுநூறுதான். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்து மதுரையில் கேட்க ஆள் இல்லை. ஒரு பத்திரிகையின் வாசகர் கடிதங்கள் மூலம் பழக்கமான ஆறேழு பேர் தபாலிலேயே ஒரு கம்ப்யூட்டர் வட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தடித்த உறை ஒன்று ஊர் ஊராகச் சுற்றும். நம் கைக்கு வந்ததும் மற்றவர்களின் கேள்விகளைப் படித்து, தெரிந்ததை அடியில் எழுதி, நம் கேள்வியையும் உள்ளே வைத்து அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். எழுதிக் கேட்டதில் என்னையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

உதவி கேட்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற எண்ணம் எனக்கு. நாலு வருஷமாக ஊரார் மனுக்களை டைப் அடித்தவள் அல்லவா? வணக்கம், பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிப்பு, அப்பாவின் உடல்நிலை என்று முதல் பக்கம் முழுக்கப் பணிவு. பரீட்சை நெருங்குவதால் தயவுசெய்து சீக்கிரம் என்று ஒரு கெஞ்சல். பிறகு புரோகிராமை வைக்கப் போனேன். அது ஏகப்பட்ட கோடுகளும் அம்புக்குறிகளுமாக இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டு அடிச்சுத் திருத்துன தாளையா பெரிய மனுசருக்கு அனுப்பப் போற? நல்லா எழுதி அனுப்பு."

எனக்கும் அதுவே முறை என்று பட்டது. புதுத் தாளில் டைப் அடித்தேன். பத்து, இருபது, முப்பது என்று வரிகளுக்கெல்லாம் புது எண் கொடுத்தேன். இடையில் செருகிய வரிக்கும் கௌரவமாக ஓர் எண் கிடைத்தது. ஒரு கார்பன் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு உறையை அனுப்பினேன்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் அதே மாதிரி கம்ப்யூட்டர் இருந்தது. நல்ல மனிதர். உறை சுற்றி வரும்வரை காத்திருக்காமல் எனக்குத் தனிக் கடிதமே போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து என் புரோகிராமை அடித்துப் பார்த்தாராம். ஒரு தப்பும் இல்லை, உங்கள் மெஷினைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். இவ்வளவு சுத்தமாக யாரும் கேள்வி அனுப்பியதில்லை என்று பாராட்டு வேறு. சந்தோஷத்தில் நாலு தடவை படித்தேன்.

கடிதத்தை முதல்வரிடம் கொண்டுபோய்க் காட்டி, மெஷின்தான் கோளாறு என்றேன். அவர் முன்னால் நான் அவ்வளவு அழுத்தமாக அதுவரை பேசியதில்லை. அவர் கம்ப்யூட்டரை விற்றவர்களுக்குக் காட்டமாக எழுதிப் போட்டார். சித்திரைத் திருவிழா வாரத்தில் மெட்ராஸிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். கூட்டத்தில் பஸ் நகராமல் கோரிப்பாளையத்திலிருந்து நடந்தே வந்து வியர்த்திருந்தார். என் புரோகிராமை ஓட்டிப் பார்த்தார். எழுநூறு வந்தது. கோயம்புத்தூருக்கு அனுப்பியது எது என்று கேட்டார். கார்பன் பிரதியைக் கொடுத்தேன். தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் நின்றார்.

"நீங்க அனுப்புனது சரி. உள்ள இருக்கறது வேறம்மா."

ஒரு மாணவி முடிந்ததும் 200க்குப் போ என்ற பழைய கட்டளை கம்ப்யூட்டருக்குள் அப்படியே இருந்தது. பூஜ்யமாக்கும் வரியோ அதற்கு மேலே 195இல். முதல் தடவைக்குப் பிறகு அந்தப் பக்கமே அது போகவில்லை. புது எண் போடும்போது அந்தக் கட்டளை எங்கே போக வேண்டுமோ அங்கேயே போகும்படி, என்னை அறியாமல் நானே தாளில் திருத்தி அடித்திருக்கிறேன். கேட்கப் போன தப்பைக் கேட்பதற்கு முன்னாலேயே துடைத்துவிட்டு, தப்பு எங்கே என்று ஊரைக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள்.

இன்ஜினியர் ஒரே ஒரு எண்ணை மாற்றினார். முதல்வர் என்னைத் திட்டவில்லை. "அவரு மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். மார்க் பட்டியல் என் புரோகிராமில்தான் போடப்பட்டது. ஜூனில் ஆர்டர் வேறொருவருக்கு வந்தது. நான் அந்த வாரமே வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சுற்றப் போன உறை திரும்பி வந்தது. என் கேள்வியின் அடியில் கோயம்புத்தூர்க்காரர், புரோகிராம் சரி, கோளாறு மெஷினில் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே சேலத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் கையெழுத்து. தனக்கும் இதே தொந்தரவுதான் என்றும், தன் தப்போ என்று இத்தனை நாள் பயந்ததாகவும், மெஷின்தான் என்று இப்போது தெளிந்ததால் தலைமையாசிரியரிடம் தைரியமாகச் சொல்லப் போவதாகவும் எழுதியிருந்தார்.

கேட்டவர் கடைசியில் என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும் என்பது அந்த வட்டத்தின் வழக்கம். அதற்காக என் பெயரிட்டு அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் ஒரு நல்ல மனிதரின் ஞாயிற்றுக்கிழமை எதற்காகப் போயிற்று என்று ஆறேழு ஊருக்கும் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. 'சரியாகிவிட்டது, நன்றி' என்று மட்டும் எழுதி, உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தேன். சேலத்து வாத்தியார் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லியிருப்பார்.