கூடை கழித்த கணக்கு

எழுபதுகளின் பிற்பகுதி, நான் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த வருடக் கடைசி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. தேதியை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டைரி எழுதத் தொடங்கியது அதற்கடுத்த ஜனவரியில்தான்.

அம்மா எங்கள் மலையூரான ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். அப்பா மேலே கோல்ஃப் திடலில் புல் வெட்டினார். வருடத்துக்கு ஒருமுறை அங்கே ஊழியர்களுக்கும் போட்டி உண்டு. ஜெயித்தவர் ஈப்போவுக்குப் போய் மற்ற கிளப் ஊழியர்களோடு ஆடலாம். அப்பா ஆறு மாதமாகப் பழகினார். ஈப்போவுக்குப் போகப்போவதை நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் எல்லாருக்கும் சொல்லியும் விட்டார்.

கோல்ஃபில் குறைவாக அடித்தவரே ஜெயிப்பார்; ஒருவர் பந்தை எத்தனை முறை அடித்துக் குழியில் போட்டார் என்பதை அவரோடு சேர்ந்து ஆடுபவர்தான் அட்டையில் எழுத வேண்டும். அப்பாவுக்கு எழுத வேண்டியவர் மாமா. அவருக்கும் அதே திடலில்தான் வேலை. அன்று கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

“நீ எழுது பாப்பா. ஒனக்குத்தான் கணக்கு பறக்குமே.”

வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான் அட்டையை வாங்கிப் படித்தேன். சுமாராக ஆடுபவருக்குச் சில அடிகளைக் கழித்துக்கொள்ளும் சலுகை உண்டு. அப்பாவுக்குப் பன்னிரண்டு. எந்தெந்தக் குழிகளில் என்பதும் அதிலேயே இருந்தது. எனக்கு இது புதிதல்ல. அம்மாவின் கொழுந்தை நிறுக்கும்போது கங்காணி கூடையின் எடையைக் கழித்துவிட்டுத்தான் புத்தகத்தில் எழுதுவார். கழிக்காமல் எழுதினால் அது என்ன கணக்கு? அப்பா ஐந்து அடித்தால் நான்கு என்று எழுதினேன், பன்னிரண்டு குழிகளிலும் தவறாமல்.

மாமா கையெழுத்திட்டார். அப்பா என் கையெழுத்தின் அழகைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எண்களைப் பார்க்காமலே கையெழுத்திட்டார்.

கணக்கெழுதும் கிளப் கிராணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னய்யா இது? ஒம்பதாவது குழிகிட்ட நான்தானே நின்னேன். அஞ்சு அடிச்சிட்டு நாலுன்னு போட்டிருக்க?”

“கூடைய கழிச்சிட்டேன் ஐயா,” என்றேன் நான்.

“கொழுந்தா நிறுக்கிறோம் இங்க? நல்லா இருக்கு லா!” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

கிராணி சிரிக்கவில்லை. கழிப்பது கமிட்டியின் வேலை. அட்டையில் அடித்தது அடித்தபடி இருக்க வேண்டும். ஒரு குழியில் குறைத்து எழுதிய அட்டையில் கையெழுத்திட்டாலே ஆட்டக்காரர் போட்டியிலிருந்து நீக்கம் என்றார். கமிட்டி கழித்திருந்தாலும் என் எண்தான் வந்திருக்கும். அந்த எண்ணில் அப்பாதான் முதல்.

“சின்னப்புள்ள எழுதுனதுங்க,” என்று மாமா கெஞ்சினார்.

“விடு மச்சான். கையெழுத்து போட்டது நானு,” என்றார் அப்பா.

ஈப்போவுக்கு வேறொருவர் போனார்.

திரும்பும்போது அப்பா எனக்குக் கச்சாங் கடலை வாங்கிக் கொடுத்து, பஸ்சில் ஜன்னலோரம் உட்கார வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கணக்கு சரி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் என்று முடிவு செய்தேன். கிளப்காரர்களுக்குக் கழித்தல் தெரியவில்லை என்பதை ரிங்லெட் வரும்வரை உதாரணங்களோடு விளக்கிக்கொண்டே வந்தேன். அவரும் ஒவ்வொன்றுக்கும், “ஆமாம்மா,” என்றார்.